வேலை தின்ற உடம்பும் வேலை இல்லாத உடம்பும்

1

'உழைக்கிற உடம்புக்கு நோய் வராது' என்று ஊருக்குள்ளே சொல்வார்கள். 'மாடா உழைச்சே செத்துப்போனான்' என்று காலனியில் சொல்வோம். இரண்டும் ஒரே ஏரித் தண்ணீர் பாயும் கழனியைப் பற்றிய பேச்சுதான். முதலாவதைச் சொல்கிறவர் வரப்பில் நின்றிருப்பார். இரண்டாவதைச் சொல்கிறவர் சேற்றில் நின்றிருப்பார். நிற்கிற இடத்தை விட்டுவிட்டு உண்மையை மட்டும் பேச முடியுமா?

வேலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மருத்துவர்களும் சமூகவியலாளர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலையிழந்தவர்கள் அதிகம் நோயுறுகிறார்கள், மனம் உடைகிறார்கள், சீக்கிரம் சாகிறார்கள் என்று நாடு நாடாக ஆய்வுகள் சொல்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உண்மையிலிருந்து ஆண்டையும் முதலாளியும் அரசாங்கமும் தங்களுக்கு வசதியான ஒரு நீதியை உருவிக்கொள்கிறார்கள்: ஏதோ ஒரு வேலை, வேலையில்லாமையைவிட மேல், கிடைத்ததைச் செய்.

இந்த நீதி எல்லோருக்கும் சமமாகச் சொல்லப்படுவதில்லை. மேல்சாதிப் பட்டதாரி வீட்டில் உட்கார்ந்திருந்தால் 'தகுந்த வேலைக்குக் காத்திருக்கிறார்' என்கிறார்கள். நம் பையன் பட்டம் வாங்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் 'உடம்பு வணங்கல, படிச்சுக் கெட்டுப்போனான்' என்கிறார்கள். ஆக 'ஏதோ ஒரு வேலை' என்று சொல்லும்போதே அந்த ஏதோ ஒன்று எது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. துடைப்பம், கூடை, மண்வெட்டி, அரிவாள். இதை நலத்தின் பெயரால் நமக்குப் பரிந்துரைக்கிறபோது நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்?

2

முதலில் எதிர்த்தரப்பின் உண்மையை முழுசாகக் கேட்டுக்கொள்வோம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு 1931லும் 1932லும் அந்த ஊரை ஆராய்ந்து, 1933ல் புத்தகமாக வெளியிட்டது. வேலையிழந்தவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது. படித்திருக்கலாம். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது, கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும். ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் என்ன செய்தோம், மதியம் என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லையே.

இதைப் படிக்கிறபோது எனக்கு ஆஸ்திரியா தெரியவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உள்ள காலனிகள்தான் தெரிந்தன. பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பத்து மணிக்கு முன்னால் வெளியே வரமாட்டார்கள். 'இன்னா தம்பி, வேலை எதனா ஆச்சா?' என்று டீக்கடையில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பின்பக்கமாகச் சுற்றிப் போவார்கள். வயிற்றில் எரிச்சல், ராத்திரியில் தூக்கமில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த எரிச்சலுக்கான மருந்து அந்த வரிசையில் இல்லை.

நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தவன். நடுவில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் வாங்குவது வேறு தொகை. மே மாதம் சம்பளமே கிடையாது. வேலை இருந்த அந்த இரண்டு வருடம் என் உடம்பு நன்றாக இருந்ததா, வேலையை விட்ட பிறகு நன்றாக இருந்ததா என்று கேட்டால் என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வேலையில் இருந்தபோது தலைவலி. விட்டபிறகு தலைகுனிவு.

தமிழக அரசு வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தவருக்கு, மூன்று வருடம் வரைக்கும். அந்த 600 ரூபாயை நான் கேலி செய்யவில்லை. அதை வாங்கி அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோய் பணத்தில் மட்டும் இல்லை என்பதைத்தான் மரியந்தால் சொல்கிறது.

3

யஹோடா 1982ல் இதைத் தொகுத்து எழுதினார். கூலியைத் தவிர ஐந்து விஷயங்களை வேலை மனிதருக்குத் தருகிறது என்றார். நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு. தன்னைவிடப் பெரிய ஒரு கூட்டு நோக்கத்தில் பங்கு. சமூகத்தில் ஒரு மதிப்பும் அடையாளமும். ஓயாத இயக்கம். வேலை போனால் இந்த ஐந்தும் சேர்ந்து போகின்றன, அதனால் மனமும் உடம்பும் நொறுங்குகின்றன என்பது அவருடைய வாதம்.

நல்ல வாதம். இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் சேரிக்குள் வாருங்கள்.

நேரம். செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர்கள் நடுராத்திரி தாண்டி எழுந்து மண் குழைக்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்று. அந்த நேரம் அவர்களுடையது இல்லை. வாங்கிய முன்பணத்துடையது. திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து செய்துவந்த வேலையைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அரிசி ஆலையிலும் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களுக்கு எப்போது தூங்கவேண்டும் என்று தாங்களே முடிவு செய்வதுதான் முதல் விடுதலை.

மனிதத் தொடர்பு. நடவுக்குப் போன பெண்ணுக்குத் தனிச் சொம்பு, தூக்கி ஊற்றுகிற தண்ணீர். இப்போது பிளாஸ்டிக் கப் வந்து தனிக்குவளையின் அசிங்கத்தை மறைத்துவிட்டது. தொடர்பு இருக்கத்தான் இருக்கிறது, தொடாமல்.

கூட்டு நோக்கம். கரும்பு வெட்டுகிறவருக்கு முண்டியம்பாக்கத்து ஆலை ஓடுகிறதா, நிற்கிறதா என்பது டன் கணக்குக் கூலியாக மட்டும்தான் தெரியும். ஊரின் திருவிழா ஊருடையது. அதன் குப்பை மட்டும் நம்முடையது.

மதிப்பு. உலகத்தில் மற்றவர்களுக்குத் தொழிலின் பெயர் அடையாளம். நமக்குத் தொழிலின் பெயரே வசவு. பட்டணத்துக்குப் போனால் இது மாறும் என்று நம்பினோம். 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது குக்கிராமத்தில் இல்லை, விழுப்புரம் நகரத்தில்.

இயக்கம். இது மட்டும் தாராளமாகக் கிடைத்தது. முதுகு ஒடிகிற வரைக்கும்.

ஐந்தில் நான்கு இல்லை, ஐந்தாவது அளவுக்கு மிஞ்சி. மரியந்தால் தொழிலாளி தன்னிடம் இருந்ததை இழந்தான். நாம் இழப்பதற்கு முன்னாலேயே இழந்தவர்கள். அண்ணல் அம்பேத்கர் 1936ல் 'சாதி ஒழிப்பு' நூலில் சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பாளர்களின் பிரிவினை என்றார். இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை. தொழில் மாறிக்கொள்ள சாதி விடுவதில்லை, அதனால் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கே சாதி ஒரு நேரடிக் காரணமாகிறது என்றார். கெட்ட வேலையும் வேலையின்மையும் எதிரெதிரானவை இல்லை, ஒரே உலையில் வெந்த சோறு என்பது இதிலிருந்து வருகிறது. 'இது வேண்டாமென்றால் அது' என்று நம்மிடம் சொல்கிறவர்கள், இரண்டையும் சமைத்தது யார் என்று சொல்வதில்லை.

4

மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். தை மாசம் தொடங்கி ஐப்பசி மழை வருகிற வரைக்கும் உப்பு. வெயில், உப்புநீரில் ஊறும் பாதம், வெடித்த தோல், வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சத்தில் கலங்கும் கண். மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பு என்ன ஆகும் என்று சொல்ல மருத்துவம் படிக்கவேண்டியதில்லை. நீர்க்கடுப்பு முதலில் வரும், சிறுநீரகம் பிறகு போகும்.

மழை வந்துவிட்டது. உப்பு கரைந்துவிட்டது. இப்போது அதே உடம்புக்கு வேலை இல்லை. பாதம் ஆறுகிறது, வயிறு காய்கிறது. கடன் வாங்குகிறார்கள். அடுத்த பருவத்து உழைப்பை இப்போதே விற்றுவிடுகிறார்கள். ஒன்பது மாசம் வேலையால் நோய், மூன்று மாசம் வேலையின்மையால் நோய். 'வேலை நல்லதா, வேலையின்மை நல்லதா' என்று கேட்கிற ஆய்வாளர் இந்தப் பெண்ணை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்?

உடம்பை வேலைக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வதும் நடக்கிறது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்பது 2019ல் நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான், மாதவிடாய் வேலைக்கு இடைஞ்சல், ஆகவே கர்ப்பப்பை வேண்டாம். ஆரோக்கியம் என்பது இங்கே என்ன? கூலி குறையாமல் வெட்டக்கூடிய உடம்பு. அவ்வளவுதான்.

ஆண்களின் கதை வேறு மாதிரி. 'உடம்பு வலிக்கு ஊத்திக்கிறேன்' என்று சொல்லாத கூலிக்காரர் நம் தெருவில் குறைவு. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 வரைக்கும் விழுப்புரம் மாவட்டமாக இருந்த ஊர்தான் அது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தலித்துகள் பலர். குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தக் குடியால் அடிபட்ட பெண்களும் அனாதையான பிள்ளைகளும் நம் பெண்கள், நம் பிள்ளைகள். ஆனால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அறிவுரை சொன்ன ஒருவராவது அந்த உடம்புகள் அன்றைக்குப் பகலில் என்ன சுமந்தன என்று கேட்டாரா?

லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967ல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒயிட்ஹால் ஆய்வு என்று பேர். மைக்கேல் மார்மட் என்பவர் அதைத் தொடர்ந்து செய்து உலகறியச் செய்தார். பட்டினி கிடந்தவர் யாரும் அதில் இல்லை. பெரும்பாலோர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ஆனாலும் பதவிப்படியில் கீழே இறங்க இறங்க இதயநோய்ச் சாவு கூடிக்கொண்டே போனது. 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தன் வேலையின்மீது தனக்குக் கட்டுப்பாடு இல்லாதவருக்கு இதயநோய் அதிகம். குமாஸ்தாவுக்கும் மேலதிகாரிக்கும் நடுவில் உள்ள சில படிகளே இதயத்தை இப்படித் தாக்குமானால், பிறப்பிலேயே கட்டி, செத்தாலும் தனிச் சுடுகாடு வரைக்கும் கூட வருகிற படி என்ன செய்யும்?

5

இனி அளவைப் பற்றிப் பேசவேண்டும். ஏனென்றால் அளக்கிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1948ல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில், நோயில்லாமை மட்டும் ஆரோக்கியம் இல்லை. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலமே ஆரோக்கியம் என்று எழுதியது. பிறகு 'உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம்' என்று ஒன்றை அளக்கத் தொடங்கினார்கள். யூரோகோல் என்ற ஐரோப்பியக் குழுவின் வினாத்தாள் இன்றைக்கு உலகமெங்கும் நடக்கிறது. ஐந்தே கேள்விகள்: நடக்க முடிகிறதா, குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா, வலி இருக்கிறதா, கவலையோ மனச்சோர்வோ இருக்கிறதா.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். உன் உடல்நலம் உன் வேலைக்குத் தடையாக இருக்கிறதா என்பதுதான் அதன் உள்ளர்த்தம். உன் வேலை உன் உடல்நலத்துக்குத் தடையாக இருக்கிறதா என்ற கேள்வி தாளில் இல்லை. மலக்குழியில் இறங்குகிறவரிடம் இந்தத் தாளை நீட்டினால் 'வழக்கமான வேலைகளைச் செய்வதில் சிரமம் இல்லை' என்று குறித்துக்கொள்வார்கள். அவருடைய வழக்கமான வேலை அவரைக் கொல்லக்கூடியது என்பதற்குக் கட்டம் கிடையாது. உச்சநீதிமன்றம் மலக்குழிச் சாவுக்கு 2014ல் 10 லட்சம் என்றும் 2023ல் 30 லட்சம் என்றும் இழப்பீட்டை உயர்த்தியது. சாவுக்கு விலை இருக்கிறது. சாகிறவரை அவருக்கிருந்த வாழ்க்கைத் தரத்துக்குக் கணக்கில்லை.

இன்னொரு சிக்கல். பதில் சொல்கிறவர் யார்? நம் அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். 'எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்' என்பார். முப்பது வருடம் நாற்று நட்டு முதுகு நிமிராது. காலில் சேற்றுப்புண். ரத்தசோகை. ஆனாலும் நல்லாத்தான் இருக்கிறார். அமர்த்தியா சென் 2002ல் இதைப் பற்றி எழுதினார். இந்தியாவிலேயே அதிக ஆயுள் உள்ள கேரளத்து மக்கள்தாம் தங்களுக்கு நோய் அதிகம் என்று சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் நோய் குறைவு என்று சொல்கிறார்கள். நோயை நோய் என்று அறிவதற்கே படிப்பும் ஆஸ்பத்திரியும் வேண்டும். மாற முடியும் என்று நம்புகிறவர்தான் வலியை முறையிடுவார். முறையிட்டுப் பயனில்லை என்று கண்டவர் வலியை உடம்பின் ஓர் உறுப்பாக ஆக்கிக்கொள்வார்.

ஆகவே, படித்து வேலையில்லாமல் இருக்கிற மகன் 'மனசு சரியில்லை' என்கிறபோதும், படிக்காமல் வேலை செய்கிற அம்மா 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறபோதும், வினாத்தாளின்படி மகன் நோயாளி, அம்மா ஆரோக்கியசாலி. வேலை நலம் தருகிறது என்பதற்கு அதுவே நிரூபணமாகிவிடும்! நம் மௌனத்தையே நமக்கு எதிரான சாட்சியாக ஆக்குவது சாதிக்குப் பழக்கம்தான். இப்போது அது புள்ளிவிவரத்தின் வழியாகவும் நடக்கிறது.

6

எனவே மறுக்கலாமா? உடம்பையும் மானத்தையும் தின்கிற வேலையை, வேறு வேலை இல்லாதபோதும், மறுக்கலாமா? இதுதான் நம் இயக்கத்தின் பழைய கேள்வி. 1927ல் மகத் மாநாட்டில் பாபாசாகேப் செத்த மாட்டை விட்டொழியுங்கள் என்றார். செத்த மாட்டால் வந்த தோலும் எலும்பும் வருமானம்தானே, அதை ஏன் விடச் சொல்கிறாய் என்று சாதி இந்துக்கள் அப்போதும் மிகவும் அக்கறையோடு கேட்டார்கள்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ச் சாவுக்குப் பறையடிக்கமாட்டோம், சாவுச் சேதி சொல்லப் போகமாட்டோம் என்று காலனி இளைஞர்கள் முடிவெடுத்தார்கள். நாங்கள் போய்ப் பேசினோம், கைதட்டினோம். மறுவாரம் மல்லாட்டை பிடுங்கக் காலனிப் பெண்களைக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து வேனில் ஆள் கொண்டுவந்தார்கள். பையன்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் பாசஞ்சர் ஏறிவிட்டார்கள். ஊரில் இருந்தவர்கள் அம்மாக்களும் ஆயாக்களும். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'கௌரவம் பாக்கறது நல்லதுதான் தம்பி. ஆனா கௌரவத்த நீங்க பாக்கறீங்க, பட்டினிய நாங்க பாக்கறோம்.'

இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது. அவர் பறையடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. மறுப்பின் செலவு யார் வீட்டுப் பானையிலிருந்து போகிறது என்று கேட்டார். பையன்களின் மறுப்பு நியாயம். அந்த மறுப்பால் அவர்களுக்கு நிமிர்ந்த முதுகு கிடைத்தது. அதுவும் ஆரோக்கியம்தான், எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாத ஆரோக்கியம். ஆனால் ஒருவர் முதுகு நிமிர இன்னொருவர் வயிறு காயவேண்டும் என்றால், அந்த நியாயம் பாதி நியாயம். தனித்தனி வீடு தாங்கமுடியாத செலவை ஊர் தாங்கவேண்டும், இயக்கம் தாங்கவேண்டும், கடைசியில் அரசு தாங்கவேண்டும்.

அந்த ஆயாவுக்கு அந்த வருடம் பதில் சொன்னது எங்கள் பேச்சு இல்லை, ஏரி வேலை. 2005ல் வந்த வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சேர்ந்த தமிழ்நாட்டு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வருடத்துக்கு நூறு நாள். நம் மாநிலத்தில் அதற்குப் போனவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆண்டை இல்லை. 'நூறு நாள் வேலையால ஆளுங்க சோம்பேறியாயிட்டாங்க, கழனிக்கு வரமாட்டேன்றாங்க' என்று நிலக்காரர்கள் புலம்பினார்களே, அந்தப் புலம்பலை மொழிபெயர்த்தால் என்ன வரும்? 'இவர்களால் இப்போது மறுக்க முடிகிறது' என்று வரும். கூலி தாமதமானது, அளவில் ஏமாற்றியது, நிழல் இல்லாதது எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு பெண் 'அந்தக் கூலிக்கு வரமுடியாது போங்க' என்று வரப்பில் நின்று சொன்ன நாள் அவள் உடம்புக்கு நல்ல நாள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்களை 125 என்று உயர்த்தியது. செலவில் பத்துக்கு நான்கு பங்கை மாநிலங்களின் தலையில் ஏற்றியது. கூடவே, விதைப்பும் அறுப்பும் நடக்கிற காலத்தில் வருடத்துக்கு 60 நாள் வரைக்கும் இந்த வேலையை நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதியது. யோசித்துப் பாருங்கள். ஆண்டைக்கு ஆள் தேவைப்படுகிற நாட்கள் அவை. நம் பெண்கள் கூலி பேசமுடிகிற நாட்களும் அவையே. அந்த நாட்களில் மாற்று வேலை இருக்காது என்றால், பறிபோவது 60 நாள் கூலி மட்டும் இல்லை, மறுப்பும்தான்.

7

என் முடிவைச் சொல்கிறேன். மறுக்க முடிகிற வேலைதான் நலம் தரும். மறுக்க முடியாதது வேலை இல்லை, பிடி. வேலையின்மையும் நலம் இல்லை. ஏனென்றால் அது நாளைக்கு எந்தப் பிடிக்குள்ளும் தலையைக் கொடுக்கவைக்கும். ஆகவே வேலை, வேலையின்மை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதே பொய்யான கேள்வி. தேர்ந்தெடுக்கிற சக்தி யாரிடம் இருக்கிறது என்பதுதான் மெய்யான கேள்வி.

'பசிக்கு வேலை செய்கிற எல்லோரும் மறுக்க முடியாதவர்கள்தானே, உங்களுக்கு மட்டும் என்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி சரிதான். இதற்கு உச்சநீதிமன்றமே ஆசியாட் விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982ல் பதில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், அவரைப் பசியும் வறுமையும் கட்டாயப்படுத்தின என்றுதான் பொருள். அது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. சாட்டை மட்டும் கட்டாயம் இல்லை, வெறும் பானையும் கட்டாயம். எல்லா ஏழைக்கும் அது பொருந்தும். நமக்குப் பானையும் உண்டு, சாட்டையும் உண்டு. அதுதான் வித்தியாசம்.

அரசியல் சட்டத்தின் 41வது பிரிவைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வேலைக்கான உரிமை, கல்விக்கான உரிமை, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் ஊனத்திலும் அரசு உதவி பெறும் உரிமை எல்லாம் ஒரே பிரிவில் இருக்கின்றன. வேலையின்மையையும் நோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் வருகிறவை என்று தெரிந்து வைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. 1942 முதல் 1946 வரைக்கும் தொழிலாளர் துறை அண்ணலின் பொறுப்பில் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945ல் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அந்தப் பிரிவு வழிகாட்டு நெறிகளில் கிடக்கிறது, நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்க முடியாது என்பார்கள். நீதிமன்றத்தில் கேட்க முடியாததைத் தெருவில் கேட்பதற்குத்தானே இயக்கம்.

நம் கூட்டங்களில் இடஒதுக்கீடு பேசுகிறோம், வன்கொடுமை பேசுகிறோம், பேசவேண்டும். முதுகெலும்பைப் பற்றிப் பேசுவதில்லை. சிறுநீரகம், கர்ப்பப்பை, தூக்கமின்மை பற்றிப் பேசுவதில்லை. அவை டாக்டரின் விஷயம் என்று விட்டுவிட்டோம். கழனியில் குனிகிறவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை என்பது நம் தீர்மானங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது? ஒவ்வொரு காலனியிலும் நம் மாணவர்களே உட்கார்ந்து எழுதலாம்: யார் வீட்டில் என்ன வேலை, அந்த வேலையால் என்ன நோய், வேலையில்லாத மாதங்கள் எவை, அப்போது என்ன நோய், எவ்வளவு கடன். அவர்களின் வினாத்தாளைத் திருப்பிப் போட்டு நாம் கேட்போம். உன் வேலை உன்னை என்ன செய்தது? வேண்டாம் என்று உன்னால் சொல்ல முடிந்ததா? சொன்னபோது உனக்கு யார் சோறு போட்டார்கள்?

மூன்றாவது கேள்விக்குத் 'தோழர்கள் போட்டார்கள், சங்கம் போட்டது, சட்டப்படி அரசு போட்டது' என்ற பதில் வருகிற வரைக்கும் 'ஏதோ ஒரு வேலை செய்' என்று நமக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 'எந்த வேலையும் செய்யாதே, மானம் பெரிசு' என்று அந்த ஆயாவுக்குச் சொல்ல நமக்கும் உரிமை இல்லை.